கடைசியாக ஏறியவர்

பஸ்ஸில் மங்களேஸ்வரியின் மடியில் இருந்த பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம்: உறங்கச் சொன்னால் உறங்காது. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மட்டத்தை மணிக்கொரு தடவை அளந்துவிட்டு உறங்கவேண்டிய பெட்டி. உறங்கினால் பற்றரி மூன்று மாதம் வரும், இல்லாவிட்டால் இரண்டே நாள். இன்றைக்கு, நீர்த்தேக்கம் இருக்கும் தெல்தெனியவில் அது உறங்கிக் காட்டாவிட்டால் வேலையைக் கொழும்புக் கம்பனிக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். எட்டு மாத உழைப்பு! யாருக்குத்தான் வயிறு எரியாது?

பெட்டியின் பாகங்களை எல்லாம் ஆட்டிவைக்கும் மென்பொருளான கேர்னலின் சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எழும்பும்போது முதலில் கண்டுபிடித்த பாகம் முதலில் எழும்பும். உறங்கும்போது கடைசியாகக் கண்டுபிடித்தது முதலில் உறங்கும். நல்ல சட்டம்தானே? பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடுகிறது, சிவப்பு விளக்கு ஏன் அணையாமல் முழிக்கிறது? இரண்டு கிழமையாக இந்தக் கேள்வி அவளைப் பிடித்து ஆட்டியது.

குண்டசாலையில், அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் நளீர் ஏறினார். பெட்டியைப் பொருத்துபவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடமான மங்களேஸ்வரிக்கோ நாலு சொல் தேறாது. பஸ்ஸில் இடமில்லாததால் அவர் வாசற்படியிலேயே தொங்கினார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, யுத்த காலம்; வழியில் சோதனைச் சாவடி இல்லாத பயணம் ஏது? எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, அப்பால் நடந்துபோய் மறுபடி ஏறவேண்டும். வாசலில் நின்ற நளீர் முதல் ஆளாக இறங்கி அப்பால் போய்விட்டார். போனவர் திரும்பி வரக்கூடாது. மங்களேஸ்வரியின் முறை வந்தபோது பெட்டி அவள் கையில். பெட்டிக்கான அனுமதிக் கடிதம் நளீரின் சட்டைப்பையில்.

"மேக மொகத்த?" என்று, இது என்ன என்பதுபோல், சிப்பாய் பெட்டியைக் காட்டிக் கேட்டான். அவள் நளீர் நின்ற பக்கம் கையைக் காட்டினாள்.

"ஓஃப் கரன்ன!"

நிறுத்தச் சொல்கிறான், அது விளங்கியது. உறக்கப் பொத்தானை அழுத்தினாள். சனியன், விளக்கு அணையவில்லை! ஆறு திருகாணி போட்டு மூடிய பெட்டி, பற்றரியைக் கழற்றவும் வழியில்லை. சிப்பாயின் துவக்கு உயர்ந்தது.

அப்பாலிருந்து நளீர் கடிதத்தை ஆட்டிச் சிங்களத்தில் கத்தினார். அவரைத் திரும்ப விட அதிகாரிக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. கடிதத்தைப் பார்த்ததும் துவக்கு இறங்கியது.

"பயந்துட்டீங்களா மிஸ்? நான் முந்திப் போனது பிழை. கடிதம் என்ட கையிலதானே ஈந்திச்சி."

"நளீர் நானா, திருப்பிச் சொல்லுங்கோ!"

"முந்திப் போனது பிழைன்னு..."

"ஓம், அதுதான் பிழை! கடைசியா ஏறினனீங்கள், முதல் இறங்கிட்டியள். ஆனா நான் உங்களை நம்பியெல்லோ நிண்டனான்!"

பெட்டிக்குள்ளும் இதே கூத்துத்தான். நீரை அளக்கும் பாகத்தைக் கேர்னல் முதலில் கண்டுபிடிக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் 'சிப்' என்ற சில்லைக் கடைசியில். ஆகவே உறங்கும்போது சில்லு முந்திக்கொள்கிறது. மின்சாரம் போன பாகத்திடம் 'நீயும் உறங்கு' என்றால் அது எப்படிப் பதில் சொல்லும்? பதிலுக்குக் காத்துக் காத்துக் கேர்னல் அப்படியே நின்றுவிடுகிறது.

பஸ்ஸிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். அளக்கும் பாகம் சில்லை நம்பியிருக்கிறது, பாகம் உறங்கும்வரை சில்லு விழித்திருக்கட்டும் என்று கேர்னலுக்குச் சில வரிகள் எழுதி, வயர் கொழுவிப் பெட்டியில் ஏற்றினாள்.

தெல்தெனியவில், நீர்க்கரையில், பொத்தானை அழுத்தினாள். விளக்கு அணைந்தது. ஒரு மணி நேரத்தில் தானே எழும்பி, அளந்து, மறுபடி உறங்கியது. மங்களேஸ்வரி சின்னப்பிள்ளைபோலக் கைதட்டினாள்.

பெட்டியைக் கரையில் பொருத்திவிட்டுத் திரும்பும்போது அதே சாவடி. நளீர் இப்போதும் வாசலில்தான் நின்றார், ஆனால் இறங்காமல் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.

"நீங்க முதல் இறங்குங்க மிஸ்."

வாசலை மறிக்கிறார் என்று பின்னால் நின்ற சனம் ஏசியது. மங்களேஸ்வரி அட்டையை நீட்டி அப்பால் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் படியிலிருந்து காலை எடுத்தார்.