திறக்காத கண்ணாடிகள்

புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆசுபத்திரி ஒன்றில் நோயாளிகள் படுக்கும் புது வாட்டு திறந்த மறுமாதமே புனிதம் அங்கே வந்து படுத்தாள். நாயாற்றில் வள்ளம் தள்ளும்போது கால் முறிந்துவிட்டது. வாய்க்கு ஒரு சேதமும் இல்லை.

வாட்டு வடிவாகத்தான் இருந்தது. சுவர் முழுக்கப் பெரிய கண்ணாடிகள். ஆனால் ஒன்றும் திறக்காது, சட்டத்தோடு இறுக்கிவிட்டார்கள். முன்பிருந்த ஓலைக் கொட்டிலுக்குள் காகமும் ஆடும் தாராளமாக வந்து போயின, கூடவே காற்றும். இங்கே நோயாளிகளின் மூச்சுத்தான் போக வழியில்லாமல் சுற்றித் திரிந்தது.

“நுவரெலியாக் குளிருக்குக் கட்டுன பங்களா மாதிரி இருக்குங்க அக்கா,” என்றாள் பக்கத்துக் கட்டில் சுப்பம்மா. மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவள். அவள் படுக்க வந்த பாம்புக்கடி ஆறிவிட்டது, ஆனால் மூலைக் கட்டில்காரியின் இருமல் தொற்றிவிட்டது. பிள்ளைப்பேற்றுக்கு வந்தவளுக்கும் அதே இருமல். ஒருத்தி தொடங்க, செபமாலைக்குப் பதில் சொல்வது போல மற்றவர்கள் முடித்தார்கள்.

டொக்டர் பரமேஸ்வரன் வந்ததும் புனிதம் கேட்டாள்.

“உந்தக் கண்ணாடியளைக் கழட்டேலாதோ, ஐயா?”

“கட்டிடம் பாக்கிற ஓவசியரிட்டைத் தொண்டை கிழியக் கேட்டுப்போட்டன். கட்டிடத்தின்ரை வடிவு கெட்டுப்போமாம்.”

“காத்து வந்தால் இருமல் குறையுமோ?”

“ஓம், நல்லாக் குறையும். ஒராளின்ரை மூச்சை எல்லாரும் பங்குபோடத் தேவையில்லை. ஆனால் நான் உடைச்சால் வேலை போயிடும்.”

“நோயாளி உடைச்சால்?”

டொக்டர் காய்ச்சல் பார்க்கும் குழாயை வெகு அக்கறையாக உதறினார். “நோயாளியை வேலையாலை நிப்பாட்டேலாதுதானே,” என்றபடி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மறுநாள் காலை தாதி கமலாசனி மிசி கூட்டிப் பெருக்கவென்று எல்லாக் கட்டில்களையும் சுவரை விட்டுத் தள்ளி வைத்தாள். ஆனால் தும்புக்கட்டையை எடுக்கவில்லை. புனிதம் கட்டிலை விட்டு ஒற்றைக் காலில் எழும்பினாள். புருசன் பேதுரு அறிந்தால் என்ன சொல்வானோ? சிலுவை போட்டுக்கொண்டு ஊன்றுகோலை ஓங்கினாள். முதல் கண்ணாடிக்குத்தான் பயம். மூன்றாவதற்குச் சுப்பம்மா கைதட்டினாள்.

ஓவசியர் ஓடி வந்தான்.

“அரசாங்கச் சொத்தடி! பொலிசுக்குச் சொல்லுவன்!”

“சொல்லுங்கோ. இந்தக் காலோடை என்னைத் தூக்க நாலு பேரா வரச் சொல்லுங்கோ.”

“காய்ச்சல் தலைக்கு ஏறிச் செய்திட்டா, பாவம்,” என்றாள் மிசி. டொக்டரும் ஓமென்று தலையாட்டினார். காய்ச்சல்காரி மேல் வழக்குப் போட ஓவசியருக்கு வழி தெரியவில்லை.

கண்ணாடி வரும்வரை என்று சொல்லிக் கம்பிவலை அடித்தார்கள். கண்ணாடி வரவேயில்லை. மூலைக் கட்டில்காரி இருமிக்கொண்டுதான் இருந்தாள். புதிதாக வந்தவர்களுக்கு அது அவ்வளவாகத் தொற்றவில்லை.

பிறகு மாரி பிறந்தது. மழை வலைக்குள்ளால் அடித்துப் படுக்கையெல்லாம் நனைத்தது.

“உவளாலைதான் இந்த ஈரம்!” என்று வாட்டே சேர்ந்து புனிதத்தைத் திட்டித் தீர்த்தது.

புனிதம் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு கேட்டுக் கிடந்தாள். மூலைக் கட்டில்காரியைத் தவிர, திட்டியவர்களில் ஒருத்திகூட இடையில் இருமவில்லை.