யார் முதுகிலும் அழாத பிள்ளை

எங்கள் ஊரில் தொழில் இரண்டே இரண்டு. ஒன்று, வரிசையில் நிற்பது. மற்றது, வரிசையில் நிற்பவன் தலையில் மிளகாய் அரைப்பது. பாலம் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய் எண்ணெயும் சோப்பும் வாங்கி வந்து விற்றால்தான் இங்கே அடுப்பு எரியும். அதற்கு முன்னால் குடியேற்ற ஜன்னலில் நாலு மணி நேரம் வெயிலில் காய வேண்டும்.

‘கைக்குழந்தைக்காரர்கள் முன்னால் வரலாம்’ என்று எந்தப் புண்ணியவானோ ஒரு பலகை மாட்டினான். மறுவாரமே ஊரில் பாதிப் பேர் தாயாகிவிட்டார்கள். ஞாயிறானால் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு சர்ச்சில் பரிசுத்தம் பேசும் ஐம்பத்தெட்டு வயதுக்காரி முதுகிலும் ஒரு பிள்ளை. கேட்டால், “பைபிள்ல சாராள் தொண்ணூறு வயசுல பெறலையா?” என்றாள். வெட்கங்கெட்ட ஜென்மம். நான் மட்டும் என்ன ஒழுங்கு?

வாடகைப் பிள்ளைகளில் ராஜா, எங்கள் தெருப் பெண் செகாயின் எட்டு மாத மகன் பிரிவிலேஜ். சலுகை என்று அர்த்தமாம். பெயருக்கேற்ற பிழைப்பு. போய்வர வாடகை ஒரு ரொட்டி, ஒரு குவளைச் சர்க்கரை; பிள்ளையோடு அவன் பிறப்பு கார்டும் கைக்கு வரும். மற்ற பிள்ளைகள் ஜன்னலருகே வீறிட்டு மானத்தை வாங்கும். இவன் யார் முதுகில் கட்டினாலும் தூங்குவான். “எம்புள்ளை யாருகிட்டயும் அழமாட்டான்” என்று செகாய் தெருத் தெருவாகப் பீற்றிக்கொள்வாள். பிள்ளை பெயரைச் சொல்லித் தாயை அழைப்பது எங்கள் வழக்கம். அதனால் அவனைச் சுமந்தவள் எல்லாம் பிரிவிலேஜம்மா. நானே ஐந்து தடவை பிரிவிலேஜம்மாவாக இருந்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அவன் கிடைக்கவில்லை. மூன்று நாளாகக் காய்ச்சல் என்றார்கள். சலித்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் செகாய் நின்றாள், பிரிவிலேஜோடு. எங்கள் மருத்துவமனையில் சுவர் இருக்கிறது, மருந்து இல்லை. டாக்டர் அக்கரையில்.

“பேரு?” என்றார் அதிகாரி மகோனி.

“நான் பிரிவிலேஜம்மா, சார்.”

மகோனி சிரித்தார். “போன வாரம் நாலு பிரிவிலேஜம்மா வந்துட்டாளுங்க. நீ அஞ்சாவது.”

“நான்தான் சார் பெத்தவ. இதோ கார்டு.”

“இதே கார்டைத்தான் அவளுங்களும் காட்டினாளுங்க.”

“உடம்பு கொதிக்குது சார், தொட்டுப் பாருங்க.”

“ஓ, இப்போ காய்ச்சலோட சேர்த்து வாடகைக்கு விடுறீங்களா?” அவர் கையை நீட்டினார். “கொடு இப்படி. பெத்தவகிட்டேருந்து வாங்கினா பிள்ளை அழணும். பார்ப்போம்.”

கொடுத்தாள். பிரிவிலேஜ் அவருடைய சீருடைத் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

“அழுடா” என்றாள் செகாய். “அழுடா என் ராசா.” அவன் காலைக் கிள்ளினாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

“பெத்தவ கிள்ளுவாளா?” பிள்ளையை அவள் கையில் திணித்தார். “போ, வரிசைக் கடைசிக்கு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா.”

சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். என் பாஸ்போர்ட் போகும், பிழைப்பு போகும். “இவங்களை எனக்குத் தெரியாது, சார்” என்றேன். சர்ச்சுக்காரியைப் பழித்த அதே வாயால்தான் சொன்னேன். காறித் துப்ப வேண்டியது என் முகத்தில்.

மகோனி என் முதுகிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். அது ஊரே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு, என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது.

“பார்த்துக்கோ, இதான் தாய்ப்பிள்ளை” என்றார் செகாயிடம். என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். “நீங்க போங்கம்மா.”

எண்ணெய் டின்களோடு நான் திரும்பி வந்தபோதும் செகாய் வரிசையில்தான் நின்றாள். அப்போதும் பிள்ளை அழவில்லை.