எந்தக் கால் முன்னுக்கு

கடைக்குள் வந்ததிலிருந்து நிலாணி ஓரிடத்தில் நிற்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஸ்னோபோர்ட் என்ற பனிச்சறுக்குப் பலகைகளின் முன்னால் போவாள், ஒன்றைத் தொடுவாள், அதை விட்டுவிட்டுக் கையுறைத் தட்டுக்குப் போவாள். கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போடுவாள். நாளை மறுநாள் சனிக்கிழமை. அவளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை சுலக்சன் அவளைப் பனிமலைக்குக் கூட்டிப்போக வருகிறான். அவளோ வாழ்க்கையில் ஒருநாளும் ஸ்னோபோர்ட்டில் ஏறியதில்லை. அது அவனுக்குத் தெரியாது.

எல்லாம் அம்மா புனிதவதி செய்த வேலை. கலியாணப் பேச்சுக்கால் தொடங்கிய புதிதில் மாப்பிள்ளையின் தாய் விட்பியிலிருந்து போன் எடுத்து, "எங்கட மகனுக்கு ஸ்னோபோர்ட் எண்டா உயிர்" என்றாள். புனிதவதி கொஞ்சமும் யோசிக்காமல், "எங்கட பிள்ளையும் நல்லா ஓடுவா" என்றுவிட்டாள். கையோடு ஒரு படத்தையும் அனுப்பினாள். வேலையிடத்தாரோடு மலைக்குப் போனபோது, தோழி மெலனியின் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலாணி சிரிக்கும் படம். அன்று முழுக்க அவள் கீழே கோப்பியோடு இருந்து எல்லாருடைய பைகளுக்கும் காவல் காத்தவள்.

முதலில் அது ஒரு பகிடியாகத்தான் இருந்தது. பிறகு சுலக்சனை அவளுக்குப் பிடித்துப்போனது. அதன்பின் பகிடியாக இல்லை. சந்திக்கும்போதெல்லாம் சொல்ல வாயெடுப்பாள். அவன் மலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவான். அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த சொல் உள்ளே போய்விடும்.

"தங்கச்சி தமிழோ?" என்று புனிதவதி விற்பனைப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஓம் அன்ரி. என்ர பேர் செரீனா."

நிலாணி தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ஒண்டும் கதைக்காதேங்கோ" என்று முணுமுணுத்தாள்.

"நான் என்னத்தைக் கதைக்கிறது? தங்கச்சி, விட்பியில ஆரையும் தெரியுமோ?"

"இல்லை அன்ரி, நாங்கள் அஜக்ஸ்."

"அப்ப சரி. இவ புதுசு. இண்டைக்குத்தான் முதல் முதல்."

செரீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சோடி பூட்ஸைக் கொண்டுவந்தாள். நிலாணி ஒன்றை மாட்டினாள். கால்விரல்கள் முன்பக்கத்தை மெல்லத் தொட, குதிக்கால் அசையாமல் இறுக்கமாக நின்றது. புனிதவதி பெருவிரல் இருந்த இடத்தை அமத்திப் பார்த்து முகம் சுளித்தாள்.

"உது இறுக்கம். ரெண்டு சைஸ் பெரிசாத் தாங்கோ. தடிச்ச சொக்ஸ் ரெண்டு போடோணும். அடுத்த வருசமும் போடலாம்."

"எனக்கு இருபத்தெட்டு வயசம்மா. இனி எங்க கால் வளரப்போகுது?"

"கனடா வந்த முதல் வின்ரருக்கு உன்ர கோட்டையும் அப்பிடித்தான் வாங்கினனான். ஆறு வருசம் போட்டனீ."

"அன்ரி, பெரிசா இருந்தா உள்ளுக்கை கால் ஓடும். அவ ஒரு பக்கம் திரும்ப, பலகை வேற பக்கம் போகும்" என்றாள் செரீனா.

அப்போது கைபேசி அடித்தது. சுலக்சன். நிலாணி ஒற்றைக் காலில் பூட்ஸோடு நொண்டி நொண்டி ஜக்கெட்டுகளுக்குப் பின்னால் போனாள்.

"துவாரகான்ர போர்ட் வீட்டில சும்மா கிடக்கு, உமக்கு நீளம் சரியா வரும்" என்றான். துவாரகா அவன் தங்கை. "பூட்ஸைக் கொழுவுற பூட்டை இப்பவே அதில பூட்டிவைக்கிறன். எந்தக் கால் முன்னுக்கு?"

"இடது" என்றாள், மூச்சுவிடாமல்.

"என்ர மாதிரியே. நல்லது" என்று அவன் வைத்துவிட்டான்.

திரும்பி வந்தவளிடம், "நேரா நில்லுங்கோ, கண்ணை மூடுங்கோ" என்றாள் செரீனா. பின்னாலிருந்து முதுகில் மெல்லத் தள்ளினாள். நிலாணி தடுமாறி ஒரு கால் எடுத்து வைத்தாள். வலது. இன்னொருமுறை. அதுவும் வலது.

"உங்களுக்கு வலதுதான் முன்னுக்கு. மாத்திப் பூட்டினா நிக்கவே கஷ்டமா இருக்கும்."

"இடது எண்டு சொல்லியாச்சு, இடதாகவே இருக்கட்டும்" என்றாள் புனிதவதி. "கலியாணம் முடிய மாத்தலாம்."

நிலாணி தாயைப் பார்த்தாள். முடிந்த பிறகு இன்னும் எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும் என்று ஓர் எண்ணம் ஓடியது. இருப்புக் கொள்ளவில்லை. மறுபடியும் ஜக்கெட்டுகளுக்குப் பின்னால் போய் அவனுக்கு அழைத்தாள்.

"சுலக்சன், வலது."

"இப்பத்தானே இடது எண்டனீர்?"

"இப்பத்தான் எனக்கே தெரியும். நான் ஒருநாளும் ஓடினதில்லை. அந்தப் படத்தில இருக்கிறது மெலனியின்ர போர்ட்."

அவள் ஒரு ஜக்கெட்டின் சிப்பை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள்.

"எங்கட அம்மா நீர் ஓடுவீரெண்டு விட்பி முழுக்கச் சொல்லிப்போட்டா" என்றான் அவன். குரலில் சிரிப்பில்லை. "நீர் ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொன்னா வரமாட்டியளோ எண்டு பயம்."

"மலைக்கோ?"

"என்னட்ட."

அந்தப் பக்கம் ஏதோ இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

"என்ன செய்யிறியள்?"

"பூட்டினதைக் கழட்டுறன். வலதுக்கு மாத்தோணுமே." திருகாணி சுழலும் சத்தம் நின்றது. "எனக்குக் கோவம்தான், நிலாணி. சனிக்கிழமை அதைப் பற்றிக் கதைப்பம். மணிக்கட்டு முறியாமல் போடுற காப்பு வாங்கிப்போட்டீரோ?"

"இல்லை."

"வாங்கும். முதல் நாள் கையை ஊண்டித்தான் விழுவீர். நான் பக்கத்தில நிண்டாலும் விழுவீர்."

அவள் கைபேசியைக் காதில் வைத்தபடியே ஜக்கெட்டுகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, செரீனாவுக்குத் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.