கேட் திறக்கிற பக்கம்

எங்கள் பக்கத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. பிக்கப் வண்டியில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, வழியில் வரும் கேட்டையெல்லாம் அவர்தான் இறங்கித் திறக்க வேண்டும்; வண்டி உள்ளே போனதும் மூட வேண்டும். பாதிரியாராக இருந்தாலும் சரி, மாட்டு டாக்டராக இருந்தாலும் சரி. மூன்று பேர் போனால் நடு இருக்கைக்குத்தான் அடிதடி. ஓட்டவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். அமெரிக்காவில் எங்கள் மொன்டானா மாநிலத்தில் எதற்காகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்று கேட்டால், கேட் திறக்க ஆள் வேண்டுமே என்று ஆண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பெண்கள் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

ஆரின் ஹெக்லண்டின் மேய்ச்சல் நிலத்தில் ஐந்து கேட்டுகள். இரும்புக் கேட் இல்லை. முள்கம்பியைக் கட்டைகளில் இழுத்துக் கட்டி, ஓரத்தில் ஒரு கம்பி வளையத்தில் மாட்டுகிற கேட். தோளைக் கொடுத்து நெருக்கினால்தான் வளையம் கழலும். கல்யாணமான நாளிலிருந்து அவற்றைத் திறந்து மூடியது அவன் மனைவி லோர்னாதான். அவள் குறை சொன்னதும் இல்லை. பகலெல்லாம் அவன் டிராக்டரில், அவள் பள்ளிக்கூடச் சமையலறையில். ராத்திரி வீட்டுக்குள் வந்தால் இருவருக்கும் களைப்பு. சாயங்காலம் மாடுகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பார்த்துவரும் அந்த ஒரு சுற்றில்தான் பேசுவார்கள். மகள் போனில் என்ன சொன்னாள், எந்தப் பசு நொண்டுகிறது, பாதிரியாரின் மனைவி யாரோடு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள், எல்லாம் ஒரு கேட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் நடுவில் பேசி முடியும்.

போன வருடம் பட்டியில் ஒரு பசு லோர்னாவைக் கம்பத்தோடு வைத்து நசுக்கிவிட்டது. வலது முட்டி. சரியாகிவிட்டது என்று அவள் சொன்னாள். படி இறங்கும்போது மட்டும் ஒரு நொடி நிதானித்து, பிறகு காலை வைப்பாள். ஆரினுக்கு இது தெரியும். தெரியாது என்று அவன் சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்த வசந்தத்தில் மழை கொஞ்சம் அதிகம். எங்கள் களிமண் நனைந்துவிட்டால் டயரைக் கவ்வும், விடாது. பக்கத்துப் பண்ணைக் கேலன் தன் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போட்ட நாளில் ஊரே அங்கே உதவிக்குக் கூடியிருந்தது. ஆரினின் வண்டி பாதையிலேயே வயிறு தட்டி நின்றுவிட்டது. கேலன் உயர்த்திக் கட்டிய தன் வண்டியில் சாவகாசமாக வந்து இறங்கிச் சங்கிலியை மாட்டினான்.

"என்னப்பா ஆரின், வண்டி முட்டி போட்டு ஜெபம் பண்ணுதா?"

"இழுடா, பேசாம."

"இழுக்கறேன். எங்கம்மா காரே இதைவிட ஒசரம்ப்பா. அவங்களை வேணா வரச் சொல்லவா?"

மதியம் மாட்டிறைச்சியும் பீன்ஸும் சாப்பிட்டு முடிக்கிற வரை இதே பேச்சு. எல்லோரும் சிரித்தார்கள். லோர்னாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை ஆரின் அன்றைக்கே மறந்துவிட்டான். அவள் சிரித்ததைத்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

அந்த வாரமே டெல்மாவின் பட்டறைக்குப் போனான். டெல்மா அவனோடு பள்ளியில் படித்தவள். அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்துகிறாள். ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தரையிலிருந்து உயர்த்துவதற்கு நூறு மைல் சுற்றளவில் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

"ரெண்டு அங்குலம் ஒசத்தினா முன்னாடியும் பின்னாடியும் சமமாகும், அவ்வளவுதான்," என்றாள். "நாலு ஒசத்தினா உன் சேறெல்லாம் தாண்டிடும்."

"ஆறு?"

"ஆறு ஒசத்தினா கேலன் பார்ப்பான்."

ஆரின் சிரிக்கவில்லை. வாசலில் ஆறு அங்குலம் உயர்த்திய வண்டி ஒன்று யாருக்காகவோ நின்றிருந்தது. போய் ஓட்டுநர் கதவைத் திறந்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு இழு. மேலே உட்கார்ந்திருந்தான். இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தான். ஒன்றுமே இல்லை.

"இதுல என்ன இருக்கு? ஈசியாத்தானே இருக்கு."

"உன் கேட்டெல்லாம் யார் திறக்கறா?" என்றாள் டெல்மா.

"லோர்னா."

"அவளைக் கூட்டிட்டு வா. ஒரு தடவை ஏறி எறங்கிப் பார்க்கட்டும். அந்த முட்டிய வெச்சுக்கிட்டு..."

"அவகிட்டக் கேட்டாச்சு. ஆறே போடுன்னுட்டா."

பொய். லோர்னாவிடம் கேட்பது இருக்கட்டும், பட்டறைக்கு வருவதைக்கூட அவன் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்து விழுந்த பிறகுதான் அவனுக்கே அது கேட்டது. திருப்பி எடுத்துக்கொள்ள அப்போது நேரம் இருந்தது. டெல்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி. பக்கவாட்டுல படியாவது வெச்சுத் தரட்டுமா?"

"தரையில இடிக்கக் கூடாதுன்னு வண்டியத் தூக்கிட்டு, கீழ படியத் தொங்க விடறதா? கல்லுல மோதி மொத நாளே வளைஞ்சிடும்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள்.

வண்டி வீட்டுக்கு வந்த சாயங்காலம் லோர்னா சமையலறைக் கதவருகில் நின்று அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஆரின் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

"பெரிசாத்தான் இருக்கு," என்றாள். பிறகு சுற்றிப் போய்க் கதவைத் திறந்தாள்.

அவள் எப்படி ஏறினாள் என்பதை ஆரின் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். காதுக்கு மட்டும் எல்லாம் கேட்டது. இருக்கையின் தோலை நகம் பிராண்டிய சத்தம், பூட்ஸ் வழுக்கிய சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு விட்ட மூச்சு. ஐந்து கேட்டுக்கும் அதே சத்தம்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"ஊரே தெரியுது," என்றாள்.

அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய், நன்றாகத்தான் சாப்பிட்டான். ஆனால் சாயங்காலம் ஆக ஆக சாவியை எடுப்பதைத் தள்ளிப்போட ஆரம்பித்துவிடுவான். 'நீ உட்காரு, நான் திறக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் முட்டி. முட்டி தெரிந்திருந்தால் எதற்கு ஆறு? அந்த இடத்துக்கு வந்ததும் அவன் யோசிப்பதை நிறுத்திவிடுவான். அதற்குப் பதில் ஒரு தந்திரம் செய்தான். அவள் இறங்கும் உயரம் குறையட்டும் என்று, கேட்டருகே எங்கே மேடு இருக்கிறதோ, அங்கே அவள் பக்கம் ஒட்டிக்கொள்கிற மாதிரி வண்டியைச் சாய்த்து நிறுத்தினான்.

"ஏன் கொண்டுபோய்க் கொண்டுபோய் வேலியோரமா சொருகறே?" என்று கேட்டாள்.

"சும்மாதான்."

"குடிச்சிருக்கியா?"

"இல்ல."

மூன்றாவது கேட்டுக்கும் நான்காவதுக்கும் அதிக தூரமில்லை. ஒரு நாள் மூன்றாவதை மூடிவிட்டு அவள் ஏறவில்லை. "நடந்துடறேன். காத்து நல்லாருக்கு," என்றாள். மறுநாளும் காற்று நன்றாக இருந்தது. அதற்கு மறுநாள் காற்றில் புழுதி பறந்தது, அப்போதும் நடந்தாள். ஆரின் ஜன்னலை இறக்கிவிட்டு அவள் பக்கத்திலேயே வண்டியை ஊர்ந்து ஓட்டினான். மேலேயிருந்து அவள் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. மகள் போன் செய்தாளா என்று கேட்டான். என்ஜின் சத்தத்தில் அவளுக்கு விழவில்லை. திரும்பக் கேட்கவும் அவனுக்கு மனம் வரவில்லை. தன் மனைவியை மாட்டைப்போல ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது.

ஜூலையில் அவள் வருவதையே நிறுத்திக்கொண்டாள். ஒரு நாள் அடுப்பில் செர்ரி பை சுடணும் என்றாள். ஒரு நாள் துணி. பிறகு காரணம் சொல்வதும் நின்றது. அவன் தனியாகப் போய், தானே இறங்கித் திறந்து, ஏறி ஓட்டி, இறங்கி மூடி வந்தான். நொண்டிக்கொண்டிருந்த பசு ஒன்று தேறிவிட்டது. அதைச் சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து சொல்லலாம்தான். ஆனால் அடுப்படியில் நின்று அவர்கள் பேசிப் பழகியதில்லை.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை டெல்மாவிடம் போனான்.

"இறக்கணும்," என்றான். "நாலுக்கு. முடிஞ்சா ரெண்டுக்கு."

டெல்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏன்? லோர்னா ஆசைப்பட்டுத்தானே ஆறு போட்டோம்?"

ஆரின் தரையில் கிடந்த ஒரு நட்டைக் காலால் தள்ளினான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன்," என்றாள் டெல்மா. "அன்னிக்கு நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன். மனசு கேக்கல. வண்டி உன் கைக்கு வந்த மறுநா, சர்ச்சுல சாப்பாட்டப்போ அவளைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டுட்டேன். ஆறு அங்குலம் நீ சொல்லித்தான் போட்டானான்னு. ஆமா, நான்தான் சொன்னேன்னு பட்டுனு சொன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே. மன்னிச்சுக்க ஆரின்."

அவள் உண்மையாகவே மன்னிப்புக் கேட்டாள். அவன் அங்கே நின்று அதை வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்பிரிங்கெல்லாம் மாற்ற வேண்டும், சாமான் வர அடுத்த வாரம் ஆகும், எத்தனை அங்குலம் என்று முடிவு செய்து போன் பண்ணு என்று அவள் சொன்னதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. லோர்னாவுக்குத் தெரியும். முதல் வாரத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு கேட்டுக்கும் இறங்கி ஏறினாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சாவியை அவள் பக்கத்தில் வைத்தான்.

"நீ ஓட்டு."

"யாரு, நானா?"

"நீதான்."

"ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா உனக்கு?"

அவன் தன் வண்டியை யாருக்கும் கொடுத்ததில்லை, மகளுக்குக்கூட. லோர்னா அவன் முகத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்து, கொஞ்சம் முனகிக்கொண்டு ஏறிவிட்டாள். அவன் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தான். சொந்த வண்டியில் அந்தப் பக்கம் அவன் உட்காருவது அதுதான் முதல் தடவை. வண்டி அன்றைக்கு வாசல் படிக்கட்டை ஒட்டி நின்றிருந்ததால் அதில் கால் வைத்துச் சுலபமாக ஏறிவிட்டான்.

முதல் கேட். இறங்கினான், திறந்தான், அவள் ஓட்டிப் போனதும் மூடினான். திரும்பி வந்து ஏறுவதற்காக மேலே கையை நீட்டினான். பிடிக்க ஒன்றுமில்லை. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள். கைப்பிடி பிய்ந்து போச்சு என்று போன குளிர்காலத்தில் அவள் இரண்டு தடவை சொன்னாள். பார்க்கலாம் என்றிருந்தான். இருக்கையைப் பற்றினான், வழுக்கியது. முட்டியை ஊன்றினான், தகரத்தில் இடித்தது. கடைசியில் குப்புற விழுந்து, வயிற்றால் ஊர்ந்து, புரண்டு எழுந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. அவனுக்கு முட்டி நன்றாக இருக்கிறது.

அவமானத்தோடு அவள் பக்கம் திரும்பினான். லோர்னா அவனைப் பார்க்கவில்லை. ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள். இதையும்கூட.

"நான் உன்கிட்டக் கேக்கவே இல்ல," என்றான்.

"தெரியும்."

"டெல்மாகிட்டப் பொய் சொன்னேன்."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன் அவகிட்ட ஆமான்னே?"

லோர்னா வண்டியை நகர்த்தினாள். "சர்ச்சுல, உருளைக்கிழங்குத் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு, எம் புருஷன் பொய் சொல்றான்னு சொல்லச் சொல்றியா? நீயே வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். இன்னிக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு. நீ என்னடான்னா வண்டியக் கொண்டுபோய் மேட்டுல மேட்டுல சொருகிக்கிட்டிருந்தே." அவள் ரேடியோவைப் பட்டென்று அணைத்தாள். "முட்டி வலிச்சது பெரிசில்ல ஆரின். நான் ஏற முடியாம திண்டாடறேன், நீ பாட்டு மாத்தறே."

அவனுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் சாக்குகள்தான். அவற்றை அவன் இத்தனை நாள் தனக்கே சொல்லி முடித்துவிட்டான். இரண்டாவது கேட்டையும் மூன்றாவதையும் அவன் இறங்கித் திறந்து மூடினான். நான்காவதில் அவன் பக்கம் சரியாக வாய்க்காலுக்கு மேல் வரும்படி அவள் வண்டியை நிறுத்தினாள். அவன் இறங்கி, சேற்றில் கால் புதையத் திறந்தான், மூடினான்.

திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் இறங்கியிருந்தது. கீழேயிருந்து பார்த்தால் அவள் முகம் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

"எவ்வளவு வைக்கச் சொல்லட்டும், லோர்னா?" என்று கேட்டான். என்ஜின் சத்தத்தில் அவளுக்கு விழவில்லை. அவள் என்ஜினை அணைத்தாள். மறுபடி கேட்டான். "வண்டிய இறக்கப் போறேன். எத்தனை அங்குலம் வைக்கட்டும்?"

மாடுகள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன.

"நாளைக்கு ரெண்டு பேருமே போவோம்," என்றாள். "நீ சொன்ன பொய்ய நீயே டெல்மாகிட்டச் சொல்லு. ஒசரத்தை நான் சொல்லிக்கறேன். நீ சொன்னா, மறுபடியும் நான் சொன்னதுன்னு அவ நம்பிடுவா."

அவன் தலையை ஆட்டினான். கதவைத் திறந்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான். லோர்னா இருக்கையின் குறுக்கே சாய்ந்து கையை நீட்டினாள். அந்தக் கையைப் பற்ற அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை நாளும் அவன் ஒரு தடவைகூட இப்படி நீட்டவில்லை.

"ஏறு," என்றாள். "இன்னும் ஒரு கேட் இருக்கு."