வலப்பக்க விசிப்பலகை

கீழ்வானம் வெளுத்து, பனிப்படலம் மெல்ல விலகி, கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்து, அலுவலுக்கு விரைவோரின் காலடிகளால் நகரம் நிறைந்துகொண்டிருந்த இளங்காலைப் பொழுதில், ஆற்றை நோக்கி நின்ற நெடிய கற்கட்டடத்தின் படிகளைத் தையற்காரி ஒருத்தி மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தாள். குற்றம் புரிந்தோரின் சிறைக்காலத்தைக் குறைக்கவும், அடியோடு மன்னித்து விடுவிக்கவும் அரசின் பெயரால் உரிமை பெற்ற அவையம் கூடுமிடம் அது. அறிவுசால் நண்பரே, எத்தனையோ தாயர் அழுதபடி ஏறிய படிகள் அவை. ஆனால் இவளைப்போல் இருமனத்தோடு ஏறியவர் வேறொருவர் இருந்திருக்க மாட்டார். அவள் தோளில் துணிப்பை ஒன்று தொங்கியது.

அவ்வவையத்தில் நெடுநாள் வழக்கம் ஒன்றுண்டு. இரக்கம் வேண்டி வருவோர் இடப்பக்க விசிப்பலகையில் அமர்வர். மாண்டவர்க்காக மறுத்துரைக்க வருவோர் வலப்பக்கத்தில் அமர்வர். வலப்பக்கம் வெறுமையாய்க் கிடந்தால் விடுதலைக்கு இசைவது எளிது. ஓராள் வாய்திறவாமல் அமர்ந்திருந்தாலும் போதும், சிறைக்கதவு திறவாது. தையற்காரிக்கோ இரு பலகைகளும் உரியவை. தச்சுப் பட்டறையில் வாய்ப்பூசல் முற்றி, கையிலிருந்த கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் தம்பியை ஓங்கி அடித்துக் கொன்றவன் அவளுடைய மூத்த மகன். அடிபட்டு மரச்சீவல்களின்மேல் விழுந்து மாண்டவன் அவளுடைய இளைய மகன்.

மூத்தவனின் முறையீடு வந்தபோதெல்லாம் அவள் வலப்பக்கமே அமர்ந்தாள். இளையவனுக்கு மனைவியில்லை, மக்களில்லை. தானும் எழுந்துவிட்டால் அவனுக்கென்று உலகில் ஓராளும் இல்லாமற் போகுமே என்னும் எண்ணம் அவளை அங்கேயே கட்டிப்போட்டது. தான் பேசாதிருந்ததே பெரியவனின் இளமையைத் தின்றது என்பதை அவள் அறிவாள். அறிந்து, தையற்பொறியின்மேல் தலைகவிழ்ந்து அழுதிருக்கிறாள். இவ்வாண்டு அவள் பார்வை மங்கி, ஊசியில் நூல் கோக்கவும் இயலவில்லை. அடுத்த முறை வர உயிரோடிருப்போமோ என்னும் அச்சம் அவளைப் பிடித்துக்கொண்டது.

ஆதலின் அன்று அவள் இடப்பக்கம் அமர்ந்தாள். அமருமுன், பையிலிருந்து பழஞ்சட்டையொன்றை எடுத்து, மடிப்பு நீவி, வலப்பக்கப் பலகையில் விரித்துவைத்தாள்.

“என்னம்மா, துணி போட்டு இடம் பிடிக்க இதென்ன பஸ்ஸா?” என்று வாயிற்காவலர் சிரித்தார். அவைத்தலைவி கையமர்த்தவே, சிரிப்பு அடங்கியது.

“அது யார் சட்டைம்மா?” என்று தலைவி கேட்டாள்.

“சின்னவனோடது. நான் தச்சதுங்க.”

“அப்ப, அவன் பக்கம் மறுப்பு இருக்குன்னு எடுத்துக்கணுமா?”

மூத்தவனின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவ்வொரு விடையில் தொங்கிற்று.

“இல்லைங்கம்மா. பெரியவன விட்டுடுங்க. ஆனா, இந்தப் பக்கம் யாருமே இல்லைன்னு மட்டும் எழுதிடாதீங்க. என் பிள்ளைக்கு ஆள் இருக்கு.”

தலைவி அச்சட்டையை நோக்கினாள். பின்னர், எஞ்சிய சிறைக்காலத்தை நீக்கும் ஆணையில் கையொப்பமிட்டாள்.

சிறைவாயிலில் மூத்தவன் வெளிப்பட்டபோது, பார்வை மங்குமுன்னரே அவனுக்கென்று தைத்துவைத்த புதுச்சட்டையைத் தாய் தானே அணிவித்தாள். அவன் உள்ளே போன நாளின் அளவுக்குத் தைத்திருந்தாள். அது தொளதொளவென்று தொங்கியது. பொத்தானைத் தடவித்தடவிப் பூட்டும் அவள் விரல்களைப் பார்த்தபடி அவன் கேட்டான்:

“அரசாங்கம் மன்னிச்சிடுச்சும்மா. நீ?”

“நான் மன்னிக்கலடா. என்னால முடியல.”

அவன் தலைகுனிந்து, போக்கிடம் அறியாதவனாய், வந்த வாயிலையே திரும்பிப் பார்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்திழுத்தாள்.

“அங்க என்னடா பார்வை? வா, வீட்டுக்குப் போலாம். சாப்பாடு ஆறிடும்.”

அரசின் மன்னிப்பு ஒரு கையொப்பத்தோடு நிறைவுறும். பெற்றவளின் நெஞ்சுக்கு அத்தகைய எளிய முடிவு வாய்ப்பதில்லை. வெயிலேறிய தெருவில் இருவரும் நடந்தனர். சிறிது தொலைவு சென்றதும், தாய் தளர்வதைக் கண்டு, துணிப்பையை வாங்கிக்கொள்ள மகன் கைநீட்டினான். இளையவனின் சட்டை அதனுள் இருந்தது. அவள் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, நீட்டிய அந்தக் கையைப் பற்றியவாறே நடந்தாள்.