கூர்முனை இல்லாத எழுத்து

எழுத்துரு வரைகிறவனுக்கு அலுவலகத்தில் 'உருண்டை' என்று பெயர். ஆள் ஒல்லிக்குச்சி, அவன் வரைந்த எழுத்துதான் உருண்டை. வட்டமும் நேர்கோடும் தவிர அதில் வேறெதுவும் இல்லை. எல்லாக் கோடும் ஒரே தடிமன், எல்லா முனையும் மழுங்கல். கையைக் குத்துகிற மாதிரி ஓர் இடம் காட்டு பார்க்கலாம் என்று நண்பர்களிடம் சவால் விடுவான்.

தன் பலகைகளுக்கென்று அதை வரையச் சொன்னது ஓர் ஆஸ்பத்திரி. "குழந்தைங்க பலகையைப் பார்த்து மிரளக் கூடாது. அந்தக் கோடியில இருந்தும் படிக்க வரணும்" என்றார் நிர்வாகி. ஒன்றரை வருஷம் மனுஷன் சோறு தண்ணி மறந்தான். 'ர' துணைக்கால் மாதிரித் தெரிகிறதென்று அதன் காலைச் சாய்த்தான். தடிமனில் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டபோது ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டான். சரிபார்க்க யானை, பந்து, பூனை என்று அச்சடித்து வீட்டுச் சுவரெல்லாம் ஒட்டினான். மகள் எழுத்துக்கூட்டப் பழகியது அந்தச் சுவரில்தான். பாடப்புத்தகத்தில் திக்கித் திணறுகிறவள் அப்பாவின் எழுத்தில் மட்டும் ஒரு தடவைகூடத் தப்பாகப் படித்ததில்லை. அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

இப்போது அதே ஆஸ்பத்திரிக்கு, ஏழு வயது மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்திருக்கிறான். கீழ்த்தளத்தில் எடுத்த பரிசோதனையெல்லாம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. இன்று மூன்றாவது மாடிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"அந்த வார்த்தை மட்டும் அவ காதுல விழவே கூடாதுங்க" என்று மனைவி முந்தாநாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். டாக்டரிடம் கெஞ்சி, நர்ஸிடம் கெஞ்சி, சொந்தக்காரர்கள் வாயையெல்லாம் அடைத்தாயிற்று. சின்னக் கட்டி, மருந்து கொடுத்தால் கரைந்துவிடும் என்பதுதான் வீட்டில் பேச்சு. காதுக்கு இவ்வளவு காவல் போட்டவர்கள் கண்ணை மறந்தே போனார்கள்.

லிஃப்ட் திறந்தது. எதிர்ச்சுவரில் மஞ்சள் பலகை. தொழில் புத்தி எங்கே போகும்? 'ற்று' எவ்வளவு அழகாக ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடி அது என்ன வார்த்தை என்று உறைத்தது. அடப்பாவி, இந்த வார்த்தையை நான் சுவரில் ஒட்டிப் பார்க்கவே இல்லையே.

மனைவி சட்டென்று பலகையை மறைத்து நின்றாள். மகள் தோளிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"புற்... று... நோய்ப் பிரிவு. சரியாப்பா?"

"தப்பு" என்றான். தன் எழுத்தை அவள் படித்து அவன் 'தப்பு' என்றது அதுதான் முதல்முறை.

அவள் முகம் சுருங்கியது. கண்ணை இடுக்கி மறுபடி பார்த்தாள். "இல்லப்பா, சரியாத்தான் படிச்சேன். நீ போட்ட எழுத்தாச்சே. அதுல எனக்குத் தப்பே வராதே."

மகள் அவன் முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு இருக்கிறது அதுதானா?"

இன்னொரு பொய் சொல்ல அவனிடம் தெம்பில்லை. "ஆமாம்மா" என்றான்.

அவள் அவன் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பிறகு பலகையை இன்னொரு தடவை, சத்தமில்லாமல், உதடு மட்டும் அசையப் படித்தாள்.