விரிஞ்ச பூ

மணிமேகலைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று ஊர் முடிவு கட்டியது வாசலில் அவள் பூச்செடி வைத்ததற்காக இல்லை. பூச்செடி யார்தான் வைக்கவில்லை? பூத்ததைப் பறிக்கமாட்டேன், யாரையும் பறிக்க விடவும்மாட்டேன் என்று சொன்னாளே, அதற்காகத்தான்.

சொன்னது வேறு யாராவது என்றால் ஊர் மன்னித்திருக்கும். இவள் பூவிலேயே பிழைப்பவள். கடத்தூருக்குப் பக்கத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் குண்டுமல்லித் தோட்டம். கல்யாணமாகி வந்த சூடு ஆறுவதற்குள் அவளைத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து மொட்டுப் பறிப்பதுதான் வேலை. குண்டுமல்லிக்கென்று ஒரு ஒழுக்கம் உண்டு. மொட்டாகவே கூடைக்கு வந்து, மண்டிக்குப் போய், பஸ் ஏறி, முகம் தெரியாத ஒருத்தியின் தலையில்தான் அது விரிய வேண்டும். அவசரப்பட்டுச் செடியிலேயே விரிந்தால் அது பூ இல்லை, கழிவு. மண்டிக்காரர் கூடைக்குள் கையை விட்டுக் கிளறுவார். விரிந்தது ஒன்று அகப்பட்டுவிட்டால் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். "விரிஞ்ச பூவாச்சேம்மா" என்பார். இத்தனை வருஷம் பூவுக்கு நடுவிலேயே கிடந்தும், ஒரு பூ முழுசாக விரிந்தால் எப்படியிருக்கும் என்று அவள் நின்று பார்த்ததில்லை.

கிறுக்கு ஓசூரிலிருந்து வந்தது. மகள் பிரியதர்ஷினி அங்கே கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன தை மாதம் அம்மாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ரோஜாச் செடிகளும், பூக்களைப் பறிக்காதீர்கள் என்று ஒரு போர்டும் இருந்தன.

"பறிக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குடி வச்சிருக்காங்க?"

"பாக்கறதுக்கும்மா."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வூட்டுக்குப் போறதுதான்."

மணிமேகலை நின்று பார்த்தாள். நன்றாக விரிந்து, விளிம்பு வாடிப்போன ஒரு ரோஜா, காற்றுகூட இல்லாமல், தானாக ஒரு இதழை உதிர்த்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. யாரும் வந்து திட்டவில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்தப் பூவின்மேல் அவளுக்குப் பொறாமையே வந்துவிட்டது. இப்படி ஒன்று தன் வாசலில், தன் கண்ணெதிரில், யார் கையும் படாமல் விரிந்து உதிர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கல்யாணமான நாள்முதல் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ரோஜாத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். பையில் காசித்தும்பை விதையும் ஜீனியா விதையும், மழை பெய்தால் மட்டும் தலைகாட்டும் லில்லிக் கிழங்கும் இருந்தன.

வாசலின் இரண்டு பக்கமும் பாத்தி கட்டி எல்லாவற்றையும் நட்டாள். படிக்கட்டை ஒட்டி, முதல் செடியாக, பின்தோட்டத்துக் குண்டுமல்லியிலேயே ஒரு பதியனையும் வைத்தாள்.

"இது எதுக்கு? பின்னால ஒரு காடே கெடக்குதே?" என்று கேட்டான் புருஷன் மாதேஸ்வரன்.

"அது பறிக்கறதுக்குங்க. இது பாக்கறதுக்கு."

மாதேஸ்வரன் சிரித்த சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதையும் அவளே கொண்டுவர வேண்டியதாயிற்று. அதன்பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "செருப்பக் கழட்டிட்டு வாங்க, எங்க வூட்டுல பார்க் தொறந்திருக்குது, அடுத்த மாசம் டிக்கெட் போடப்போறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னதையே சொல்வதில் அவனுக்குச் சலிப்பே கிடையாது.

வானமும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. மற்ற வருஷங்களில் பங்குனி என்றால் மண் வெடிக்கும். இந்த வருஷம் சாயங்காலமானால் இடி, மழை. பின்தோட்டத்தில் நனைந்த மொட்டு அழுகுகிறதென்று மாதேஸ்வரன் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க, முன்வாசல் வெட்கமே இல்லாமல் செழித்தது. முதலில் காசித்தும்பை ரோஸ் நிறத்தில் வந்தது. பின்னாலேயே ஜீனியா, சிவப்பும் ஆரஞ்சுமாக. ஒரு பெருமழைக்கு மறுநாள் லில்லிகள் ஒன்றாக எழுந்து நின்றன. ரோஜா மட்டும் மொட்டு விட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தது.

நிறம் வந்ததும் ஊருக்குத் தேவையும் வந்தது. எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் முதல் ஆளாகக் கூடையோடு வந்தாள்.

"சாமிக்கு ரெண்டு பூவு, மணிமேகல. எனக்கா கேக்கறேன்?"

"சாமிக்குப் பின்னால மல்லி பறிச்சுத் தரேனுங்க அக்கா. இது வேணாம்."

"மாரியம்மனுக்குக் கலர்ப் பூவுதாம்மா புடிக்கும்."

"என்கிட்ட அம்மன் அப்படி ஒண்ணும் சொல்லலீங்களே அக்கா."

மறுநாள், புது பைக்குக்குப் பூஜை போட வேண்டுமென்று ஒருவன். அடுத்து வெள்ளைச் சட்டை வீரமணி. யாரோ தலைவர் வருகிறாராம், வழியெல்லாம் தூவப் பூ வேண்டுமாம். தலைவர் காலில் மிதிபட்டால்தான் அந்தப் பூவுக்கு மோட்சம் என்கிற மாதிரிப் பேசினான். மணிமேகலை துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல் கூட்டணும் தம்பி, கொஞ்சம் நகருங்க என்றாள். தூவ வந்தவன் நகர்ந்துகொண்டான். இப்படியாக, சாமியிலிருந்து ஆசாமிவரை அத்தனை பேரிடமிருந்தும் அவள் பூவைக் காப்பாற்றினாள். அந்த வாசலில் கை வைக்கத் துணிந்த ஆள் ஊரில் கிடையாது என்று அவளுக்குப் பெருமையும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ரோஜா மொட்டின் நுனி சிவந்திருந்தது. காலையில் விரியும் என்று கோவிந்தம்மாளைக் கூப்பிட்டே சொன்னாள். தோட்டத்தில் நனைந்ததால் உடம்பு கொதித்தது. ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

விடிவதற்கு முன்னால் இடி இடித்தது. உள்ளறையிலிருந்து மாதேஸ்வரன் கத்தினான். "மணி! மழ வருது, பூவ எடு!"

இத்தனை வருஷமாகக் கேட்ட சத்தம் அது. மழை விழுமுன் எடுத்த மொட்டுத்தான் மொட்டு. மணிமேகலை எழுந்தாள், முந்தானையை மடியாகக் கட்டினாள், கதவைத் திறந்தாள். மாத்திரை மயக்கத்தில் எந்தக் கதவைத் திறந்தோமென்று பார்க்கவில்லை. கரண்டும் இல்லை. படியிறங்கியதும் கைக்கு முதலில் அகப்பட்டது குண்டுமல்லிச் செடி. விரல்களுக்கு அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சரசரவென்று அதை முடித்து அடுத்த செடிக்குப் போயின, அதை முடித்து அதற்கடுத்ததற்கு. நடுவில் ஒரு முள் குத்தியது. குண்டுமல்லிக்கு எப்போது முள் முளைத்தது என்றுகூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வேலை என்று வந்துவிட்டால் மணிமேகலை அப்படித்தான்.

கிழக்கு வெளுத்தபோது மாதேஸ்வரன் டார்ச்சோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். "எங்கடி போய்த் தொலஞ்ச? நான் ஒத்த ஆளா..."

வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது. சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ். மேலாக ரோஜா மொட்டு. இரண்டு பக்கமும் செடிகள் மொட்டையாக நின்றன. பறித்தது அத்தனை சுத்தம். ஒரு இலைகூடக் கிழியவில்லை.

மழை கடைசிவரை வரவே இல்லை. இடி ஏதோ வேறு ஊருக்கு இடித்ததாம்.

சேர்த்துவைத்திருந்த கிண்டலையெல்லாம் கொட்ட மாதேஸ்வரனுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. வாயைத் திறக்கவும் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். மணிமேகலை படியில் உட்கார்ந்து அழுதாள். வேறு யாராவது பறித்திருந்தால் வாய் நிறையத் திட்டியாவது இருக்கலாம். இப்போது யாரைத் திட்டுவது? தன் கையையே அந்நியக் கை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் முள் குத்திய இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

அழுகைச் சத்தம் கேட்டு வந்த கோவிந்தம்மாளுக்கு மடிதான் முதலில் கண்ணில் பட்டது. "ஒரு வழியா மனசு வந்துச்சா? குடு, சாமிக்கு" என்று கூடையை நீட்டினாள். மணிமேகலை மடியை அப்படியே அவிழ்த்துக் கூடைக்குள் கவிழ்த்தாள். கோவிந்தம்மாள் கையை விட்டுக் கிளறினாள். முகம் சுருங்கியது.

"என்னாடி இது, பாதி மொட்டாவே கெடக்குது? இன்னும் ஒரு நாளு வுட்டிருந்தா நல்லா விரிஞ்சிருக்குமே. இத்தன வருசம் பூவு பறிக்கற, விரிஞ்ச பூவுதான் அழகுன்னு தெரியாதா உனக்கு?"

மாதேஸ்வரன் அன்று முழுக்க பார்க் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய விரதம். சாயங்காலம் செடிகளைச் சுற்றிவந்து, "பறிச்ச செடிதான் நல்லாத் துளுக்கும். தெரிஞ்சதுதான" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனான். சாயங்கால மழையும் விட்டபாடில்லை. செடிகள் துளிர்த்தன, கிளைத்தன, மறுபடி மொட்டு வைத்தன. ரோஜாவும் வைத்தது.

இன்னொரு விடியற்காலை. மறுபடியும் இடி. மணிமேகலை எழுந்தாள், மடியைக் கட்டினாள், தூக்கக் கலக்கத்தில், இருட்டில் முன்கதவைப் பார்த்து ஓடினாள். கயிற்றுக்கட்டிலில் முட்டிக்கொண்டு அதன்மேலேயே விழுந்தாள். கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டு மாதேஸ்வரன் படுத்திருந்தான்.

"பின்கதவு தொறந்துதான் இருக்குது, அப்படிப் போ" என்றான் கண்ணைத் திறக்காமலேயே. "இந்தப் பக்கம் பறிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஏங்க, எப்ப இருந்துங்க இங்க படுக்கறீங்க?"

"கொசு கடிக்குதுடி. போ, மழ வருது."

ரோஜா விரிந்தது. விரிந்தபடியே இருந்தது, பிறகு விளிம்பு வாடியது. ஒரு காலையில் மணிமேகலை துடைப்பத்தோடு படியிறங்கியபோது செடிக்கடியில் ஈரமண்ணில் இதழ்கள் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று தானாக விழுந்தது. பழக்கத்தில் உடம்பு குனிந்து, கை துடைப்பத்தை ஓங்கிவிட்டது. நல்லவேளை, இந்த முறை விழித்திருந்தாள்.

வெயில் ஏறியபிறகும் வாசல் கூட்டாமல் கிடப்பதைக் கோவிந்தம்மாள் எதிரிலிருந்து பார்த்தாள். "என்னா மணிமேகல, வாசல்ல அவ்ளோ குப்ப கெடக்குது, கூட்டலியா?"

மணிமேகலை படியில் உட்கார்ந்திருந்தாள். துடைப்பத்தைத் தனக்குப் பின்னால், கைக்கு எட்டாத தூரத்தில் சாத்தி வைத்திருந்தாள்.

"இல்லீங்க அக்கா," என்றாள். "பாத்துக்கிட்டு இருக்கேன்."